மதுரையில் உட்கார்ந்து பாங்காக் டிவி பார்ப்பது எப்படி?

என் மாமியார் ஊர் தாய்லாந்தில் கோராட் பக்கம். நகோன் ராச்சசீமா என்பது முழுப் பெயர். நகரம், ராஜ, சீமை என்று பிரித்துப் பார்த்தால் நமக்குப் பாதி விளங்கிவிடும். அவர் முதல் தடவை மதுரைக்கு வந்து இரண்டு மாதம் தங்கியபோது வெயிலும் கொசுவும் அவரை ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார், ரிமோட்டை என்னிடம் நீட்டினார். அங்கே அப்போது மணி எட்டரை. செய்தி முடிந்து நாடகம் தொடங்கும் நேரம். எங்கள் டிவியில் இருந்ததெல்லாம் தமிழ் சீரியல்கள்தான்.

அன்று தொடங்கிய தேடலில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தாய்லாந்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள், தாய்லாந்து மொழி படிப்பவர்கள், அந்த ஊர் நாடகங்களின் ரசிகர்கள், என்னைப் போல அங்கே பெண் எடுத்தவர்கள் எல்லாருக்கும் இது உதவும். ஒரு சின்ன எச்சரிக்கை: தமிழில் ‘தாய் டிவி’ என்று தேடினால் அன்னையர் தின நிகழ்ச்சிகள்தான் வரிசையாக வரும். ‘தாய்லாந்து’ என்று முழுசாகப் போடுங்கள்.

முதலில் எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

நான் செய்த பெரிய தப்பு, ‘எல்லா தாய் சேனலும் ஒரே இடத்தில்’ கிடைக்கும் வழியைத் தேடியது. அப்படி ஒரு நேர்மையான வழி வெளிநாட்டில் இருப்பவருக்குக் கிடையாது. நம் ஊர் கேபிள்காரர் மாதிரி ஒரே கம்பியில் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுக்க அங்கே ஆள் இல்லை. ஒவ்வொரு சேனலும் தன் நிகழ்ச்சியைத் தன் யூடியூப் பக்கத்திலோ, தன் ஆப்பிலோ, நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஓடிடியிலோ போடுகிறது. நாடகத்துக்கு ஒரு வாசல் என்றால் செய்திக்கு வேறொன்று, விளையாட்டுக்கு இன்னொன்று.

அதனால் ஒரு தாளை எடுத்து வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டுப் பட்டியல் இப்படி இருந்தது: மாமியாருக்கு ராத்திரி நாடகம், மாதம் இரண்டு தடவை லாட்டரிக் குலுக்கல், வெள்ளிக்கிழமை முவாய் தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை). மனைவிக்குச் செய்தியும் சமையலும். எனக்கு மொழி பழக ஏதாவது. பட்டியல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இல்லாவிட்டால் தேவையில்லாத நான்கு சந்தா கட்டிவிட்டு ஐந்தாவதைத் தேடிக்கொண்டு இருப்பீர்கள்.

சேனல்களைப் பெயர் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள்

தாய்லாந்தில் டிவி ஒளிபரப்பு 1955 ஜூன் 24 அன்று பாங்காக்கின் பாங் குன் ப்ரோம் மாளிகையிலிருந்து தொடங்கியது. அப்போது அது சேனல் 4. இன்றைக்கு எம்காட் என்று அழைக்கப்படும் சேனல் 9 அதன் வாரிசு. 1967-ல் வந்த சேனல் 7, 1970-ல் வந்த சேனல் 3 இரண்டும்தான் நாடக உலகின் பரம்பரைப் போட்டியாளர்கள். பெரியவர்கள் இன்னும் ‘நான் சேனல் 7 ஆள்’ என்று கட்சி மாதிரிதான் பேசுவார்கள். கிராமத்துக் கதை, அடிதடி, பேய் என்றால் 7. நகரத்து அழகு, பெரிய நட்சத்திரங்கள் என்றால் 3. இது என் மாமியாரின் வகைப்பாடு. அவர் 7.

2013 டிசம்பரில் 24 வணிக டிஜிட்டல் சேனல்களுக்கு ஏலம் விட்டார்கள். அடுத்த வருடம் ஒளிபரப்பு தொடங்கியது. அவ்வளவு சேனலுக்கு விளம்பரம் எங்கே இருக்கிறது? சிலர் சீக்கிரமே கையைச் சுட்டுக்கொண்டார்கள். 2019-ல் மட்டும் 7 உரிமங்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இணையத்தில் கிடைக்கும் சேனல் பட்டியல்கள் பலவும் பழசு. வாய்ஸ் டிவி, பிரைட் டிவி, 3 ஃபேமிலி என்று பெயர்கள் இருந்தால் அந்தப் பட்டியலை மூடிவிடலாம். அந்த எண்களில் இப்போது யாரும் இல்லை.

எண்ணில் இன்னொரு குழப்பம் உண்டு. டிஜிட்டலுக்கு மாறியபோது சேனல் 3, 33-ம் எண்ணுக்குப் போனது. சேனல் 7, 35-ம் எண்ணுக்குப் போனது. ரிமோட்டில் 3-ஐ அழுத்தினால் வருவது தாய் பிபிஎஸ் என்ற பொதுச் சேனல். பேச்சில் மட்டும் இன்னும் எல்லாருக்கும் பழைய எண்தான். மற்றபடி 23 வொர்க்பாயின்ட் (போட்டி நிகழ்ச்சி, பாட்டு, கலாட்டா), 25 ஜிஎம்எம் (இளைஞர் தொடர்கள்), 31 ஒன், 32 தாய்ராத், 34 அமரின், 36 பிபிடிவி. இவை தெரிந்தால் போதும்.

கடிகாரமும் காலண்டரும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டிப் போய்த்தான் இரண்டு வாரம் நிகழ்ச்சிகளைத் தவறவிட்டேன்.

தாய்லாந்து நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். அங்கே 8:30 என்றால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் 7 மணி. துபாயில் 5:30, சிங்கப்பூரில் 9:30. லண்டனில் கோடையில் மதியம் 2:30, குளிர்காலத்தில் 1:30. டொரான்டோவில் காலை நேரம்: குளிர்காலத்தில் 8:30, கோடையில் 9:30. தாய்லாந்தில் கடிகாரத்தை முன்னே பின்னே தள்ளும் பழக்கம் இல்லை. தள்ளுவது நீங்கள் இருக்கும் நாடுதான். ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருப்பவர்கள் மார்ச்சிலும் அக்டோபர், நவம்பரிலும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அவர்கள் மணி சொல்லும் முறை. விளம்பரத்தில் ‘ஸோங் தும்’ என்று வரும். ஸோங் என்றால் இரண்டு. இரண்டு மணி என்று நினைத்து மதியம் காத்திருந்தேன். ‘தும்’ என்பது ராத்திரி முரசு ஒலி. ராத்திரி ஏழு மணியை ஒன்று என்று வைத்து எண்ணுவார்கள். ஆகவே ‘ஸோங் தும்’ எட்டு மணி, ‘சாம் தும்’ ஒன்பது. நள்ளிரவுக்கு மேல் ‘தீ’ வரும். ‘தீ ஸோங்’ என்றால் விடியற்காலை இரண்டு. மதியம் இரண்டு மணிக்கு ‘பாய் ஸோங்’. செய்தியில் மட்டும் 24 மணிக் கணக்கு, அதற்குச் சொல் ‘நாலிகா’. நம் நாழிகையேதான். மாலை 6 மணிக்கு, அதாவது நமக்கு 4:30-க்கு, தேசிய கீதத்துக்கு முன் ‘18 நாலிகா’ என்று சொல்வதை முதலில் கேட்டபோது எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

தேதிக்கு வருவோம். அவர்கள் பௌத்த ஆண்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 543-ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும். 2569 என்றால் 2026. வீடியோத் தலைப்பில் பெரும்பாலும் கடைசி இரண்டு எண் மட்டும் இருக்கும். ‘12/4/67’ என்று போட்ட ஒரு துணுக்கை 1967-ல் எடுத்தது என்று நினைத்து, அந்தக் காலத்திலேயே இவ்வளவு பளிச்சென்று படம் எடுத்திருக்கிறார்களே என்று மனைவியிடம் வியந்தேன். அது 2567, அதாவது 2024. வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.

நாள் பெயர்கள் மட்டும் நமக்குச் சுலபம். எல்லாம் நவகிரகம்தான்: ஆதித், சான் (சந்திரன்), அங்கான் (அங்காரகன்), புத், பரூஹாத் (பிரகஸ்பதி), ஸுக், ஸாவ். இதைப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ராத்திரி நாடகங்கள் நாள் கூட்டணியாக ஓடும். ‘சான்-அங்கான்’ ஒரு கதை, ‘புத்-பரூஹாத்’ இன்னொன்று, வாரக் கடைசியில் வேறொன்று. அந்த நாள் ஜோடி தெரிந்தால் உங்கள் நாடகம் எப்போது வரும் என்பது தெரிந்துவிடும்.

தேடுவதற்கு ஐந்து சொற்கள்

ஆங்கிலத்தில் தேடினால் ரசிகர்கள் வெட்டி ஒட்டியவைதான் முதலில் வரும். தாய் எழுத்தில் தேடினால்தான் அசல் பக்கம் கிடைக்கும். எழுத்துத் தெரியாதவர்கள் போனில் தாய் மொழி விசைப்பலகையைச் சேர்த்துவிட்டு, அதில் உள்ள மைக்கைத் தொட்டுப் பேசுங்கள். சொல் சரியாக விழுந்தால் அதை நகலெடுத்து ஒரு குறிப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். ஒரே தடவை செய்தால் போதும்.

‘லகோன்’ நாடகம். ‘காவ்’ செய்தி (ஏற்ற இறக்கம் மாறினால் இது சோறு, வெள்ளை என்றெல்லாம் ஆகிவிடும், ஆகவே உள்ளூர்க்காரர் யாரையாவது சொல்ல வையுங்கள்). ‘யோன் லாங்’ என்றால் பின்னால் திரும்புதல், அதாவது ஒளிபரப்பி முடிந்ததை மறுபடி பார்ப்பது. வெளிநாட்டில் இருப்பவருக்கு மிக முக்கியமான சொல் இதுதான். ‘ஸோட்’ என்றால் நேரலை. சந்தையில் புதுக் காய்கறிக்கும் இதே சொல்தான். ‘தோன் சோப்’ கடைசிப் பகுதி.

நாடகத்தின் பெயரோடு ‘யோன் லாங்’ சேர்த்துத் தேடுங்கள். வரும் முடிவுகளில் சேனலின் சொந்தப் பக்கம் எது என்று பார்த்துக்கொண்டு அதை மட்டும் தொடருங்கள்.

காசில்லாமல் கிடைப்பவை

முதலில் தாய் பிபிஎஸ். 2008 ஜனவரியில் தொடங்கிய பொதுச் சேனல், விளம்பரம் கிடையாது. மது, புகையிலை வரியில் 1.5 சதவீதத்தை வைத்து நடக்கிறது. குடிப்பவர்கள் காசில் நடக்கும் ஊடகம். ஆனால் தாய்லாந்து டிவியில் மதுப் புட்டி வந்தால் அதை மங்கலாக்கிவிடுவார்கள், சிகரெட்டையும் அப்படியே. இதன் நேரலை அவர்கள் இணையதளத்திலும் யூடியூபிலும் கிடைக்கிறது. பழைய நிகழ்ச்சிகளுக்கு ‘விபா’ என்று ஓர் இலவச ஆப் வைத்திருக்கிறார்கள். ஆவணப்படம், சமையல், ஊர் சுற்றல், தரமான சிறு நாடகங்கள் எல்லாம் உண்டு. குழந்தைகள் இருந்தால் இதே நிறுவனத்தின் கல்விச் சேனலான ஏஎல்டிவியையும் பாருங்கள். புதிதாகத் தொடங்குபவர் வேறெதையும் தொடுவதற்கு முன் தாய் பிபிஎஸ்ஸில் ஒரு வாரம் இருந்து பார்க்கலாம் என்பது என் கருத்து. மொழி சுத்தம், உச்சரிப்பு நிதானம்.

அடுத்து ஜிஎம்எம்டிவி. இளைஞர்கள் நடிக்கும் தொடர்களை எடுக்கும் நிறுவனம். டிவியில் வந்த அன்றைக்கே யூடியூபில் போட்டுவிடுவது இவர்கள் வழக்கம், பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டிலோடு. ஒரு பகுதியை நான்கு துண்டாக வெட்டி ‘1/4’, ‘2/4’ என்று எண் போடுவார்கள். அது வாரத்துக்கு நான்கு பகுதி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவில் தாய்லாந்துத் தொடர்களுக்கு இவ்வளவு ரசிகர்கள் உருவானதற்கு இந்த ஒரு வழக்கம் பெரிய காரணம்.

வொர்க்பாயின்ட் தன் போட்டி நிகழ்ச்சிகளை முழுசாகவே யூடியூபில் போடும். மொழி தெரியாவிட்டாலும் சிரிக்கலாம். முகமூடி போட்டுப் பாடி யாரென்று கண்டுபிடிக்கும் நிகழ்ச்சியை 2016-ல் தொடங்கி நாட்டையே கட்டிப்போட்டவர்கள் இவர்கள்தான்.

சேனல் 3-க்கு ‘3 பிளஸ்’, ஒன் சேனலுக்கு ‘ஒன்டி’ என்று சொந்த ஆப்கள் இருக்கின்றன. விளம்பரத்தோடு கொஞ்சம் இலவசம், மீதி காசு. வெளிநாட்டில் சில நாடகம் திறக்கும், சில திறக்காது. திறக்காதது பெரும்பாலும் நெட்ஃபிளிக்ஸ், விக்கி, ஐச்சியி மாதிரியான ஓடிடிகளுக்கு விற்கப்பட்டிருக்கும். அங்கே தேடுங்கள். சந்தா கட்டுவதாக இருந்தால் மாதச் சந்தாவாகவே கட்டுங்கள், வருடச் சந்தா வேண்டாம். தாய்லாந்து நாடகங்களுக்கு ஒரு காலத்தில் பெரிய வீடாக இருந்த லைன் டிவி 2021 டிசம்பர் 31-ஓடு கடையை மூடிவிட்டது. மேலும் அங்கே நாடகம் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். நம் சீரியல் மாதிரி பேரன் காலம் வரை ஓடாது. கதை முடிந்ததும் சந்தாவையும் முடித்துக்கொள்ளலாம்.

சேனல் 7-ன் சனி, ஞாயிறு காலை நாட்டுப்புறக் கதை நாடகங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இளவரசன், ராட்சசி, பறக்கும் மாயம் என்று எல்லாம் இருக்கும். மாயாஜாலக் காட்சிகள் கொஞ்சம் பொம்மைத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் விட்டலாச்சார்யா காலத்துப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சொந்த வீடு. என் பையன் இதைப் பார்த்துத்தான் தாய் மொழி பேசக் கற்றான்.

பூட்டியிருக்கும் கதவுகள்

‘உங்கள் நாட்டில் இந்த வீடியோ கிடைக்காது’ என்ற வரியை நிறைய பார்ப்பீர்கள். உரிமையை நாடு நாடாக விற்பதால் வரும் பூட்டு இது. தாய்லாந்துக்காரர்களுக்கே இதில் பழைய காயம் உண்டு. 2012 யூரோ கால்பந்தின்போது உரிமைச் சண்டையில், செயற்கைக்கோள் பெட்டி வைத்திருந்த லட்சக்கணக்கான வீடுகளில் சாதாரண இலவசச் சேனலே கறுப்பாகிவிட்டது. அதற்கு ‘சோ டாம்’, கறுப்புத் திரை, என்று பெயரே வந்துவிட்டது. இப்போதும் எங்காவது படம் தெரியாமல் போனால் அதே சொல்தான்.

விளையாட்டுக்கு ஒரு பொது விதி: தாய்லாந்துச் சேனலைத் துரத்தாதீர்கள், நீங்கள் இருக்கும் நாட்டில் அந்தப் போட்டியின் உரிமை யாரிடம் என்று பாருங்கள். இங்கிலீஷ் பிரீமியர் லீக்கைத் தாய் வர்ணனையோடு பார்க்க ஆசைப்பட்டால் முடியாது, அதை விட்டுவிடலாம். பெண்கள் கைப்பந்து அங்கே பெரிய பைத்தியம். அதற்குச் சர்வதேசக் கைப்பந்து அமைப்பே ஒரு சந்தா சேவை நடத்துகிறது. முவாய் தாய்க்கு நல்ல செய்தி. 2023 ஜனவரியிலிருந்து பாங்காக்கின் லும்பினி அரங்கில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற அமைப்பு நடத்தும் வெள்ளிக்கிழமைச் சண்டைகள் அங்கே சேனல் 7-ல் வருகின்றன. வெளிநாட்டுக்காரர்கள் அந்த அமைப்பின் சொந்த யூடியூப் பக்கத்தைப் பாருங்கள். நமக்குச் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் தொடங்கும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய கையோடு மாமியார் சண்டைக்கு உட்கார்ந்துவிடுவார்.

விபிஎன் (வேறு நாட்டில் இருப்பதுபோல இணையத்தில் காட்டும் வசதி) போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இந்தியாவில் விபிஎன் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் பல சேவைகள் தங்கள் விதியில் அதை அனுமதிப்பதில்லை. கண்டுபிடித்தால் கணக்கை முடக்கலாம். அமீரகத்தில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அங்கே சட்ட விரோதக் காரியத்துக்கு விபிஎன் பயன்படுத்தினால் தண்டனை கடுமை. இலவச விபிஎன்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு நாடகத்துக்காகப் போனில் உள்ள வங்கி விவரத்தைத் திறந்து வைக்க வேண்டாம்.

‘700 சேனல் பெட்டி’

நான் ஏமாந்த கதை. இணையத்தில் ஒருவர் தாய்லாந்துச் சேனல் அத்தனையும் வரும் என்று ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்றை விற்றார். பெயர் வேண்டாம், அவர் கடையே இப்போது இல்லை. ஒரு வருடப் பணத்தை முன்னாடியே கட்டினேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது. நாடகத்தின் கடைசிப் பகுதியன்று, வில்லி உண்மையை ஒப்புக்கொள்ளப் போகும் நேரத்தில், படம் உறைந்தது. அப்புறம் திரும்பி வரவே இல்லை. மாமியார் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இந்தப் பெட்டிகள் யாருடைய உரிமையும் வாங்காமல் இழுத்துக் காட்டுபவை. என்றைக்கு வேண்டுமானாலும் நிற்கும், யாரிடமும் போய்க் கேட்க முடியாது. வாங்காதீர்கள்.

டிஷ் போடும் யோசனை சிலருக்கு வரும். எனக்கும் வந்தது, காரணம் ஒரு வேடிக்கை. தாய்லாந்தின் தாய்காம் செயற்கைக்கோள்கள் சில நிற்கும் இடம் கிழக்கு தீர்க்கரேகை 78.5 பாகை. மதுரை 78.1. அதாவது அவை எங்கள் மாடிக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே, கொஞ்சம் தெற்கே சாய்ந்தாற்போல நிற்கின்றன. தலைக்கு மேலேயே இருந்தும் எனக்கு உதவவில்லை. பெரிய சி பேண்ட் டிஷ் வேண்டும், தெரிந்த ஆள் வேண்டும், முக்கியமான நிகழ்ச்சி வரும்போது பூட்டிவிடுவார்கள். பொழுதுபோக்குக்காக டிஷ் திருப்புபவர்கள் முயலட்டும். மற்றவர்களுக்கு 5 எம்பிபிஎஸ் நிலையாக வரும் இணைய இணைப்பு போதும், படம் தெளிவாகவே வரும். பெரியவர்களுக்காக என்றால் போனிலிருந்து டிவிக்கு காஸ்ட் செய்யக் கற்றுக்கொடுங்கள். அது வராவிட்டால் டிவியின் யூடியூபில் ஒரு தனிக் கணக்கு திறந்து, தாய்லாந்துச் சேனல்களை மட்டும் சப்ஸ்கிரைப் செய்து வைத்துவிடுங்கள். என் மாமியாருக்கு இந்த இரண்டாவதுதான் கைகொடுத்தது. படத்தைப் பார்த்து அழுத்தினால் போதும், எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம்.

என்ன பேசுகிறார்கள் என்று புரிய

தாய் மொழியில் டிவிக்கு எழுத்து வழக்கில் ‘தோரதட்’ என்று பெயர். தூரம், தரிசனம். தூர்தர்ஷன்தான், வேறொன்றுமில்லை. வானிலை அறிக்கையில் ‘ஆகாத்’ என்றால் ஆகாசம். கதாநாயகி ‘நாங் ஏக்’, கதாநாயகன் ‘ப்ரா ஏக்’, வில்லி ‘நாங் ராய்’. இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டே நாடகத்தைப் பாதி பேசிவிடலாம். அழுகை, அறை, பணக்கார மாமியார் என்று ஒரே மாதிரி ஓடும் கதைகளுக்கு ‘நாம் நாவ்’ என்று பட்டப்பெயர். தேங்கிக் கெட்ட தண்ணீர் என்று பொருள். சொல்பவர்கள்தான் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஆங்கில சப்டைட்டிலில் ‘பி’, ‘நோங்’ என்று வரும். வயதில் மூத்தவர், இளையவர் என்று பொருள். ஆண் பெண் வேறுபாடு கிடையாது. ஆங்கிலத்தில் இதற்குச் சொல் இல்லாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். நமக்கோ அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று மனசே நிரப்பிக்கொள்ளும். வாக்கிய முடிவில் பெண்கள் ‘கா’, ஆண்கள் ‘க்ராப்’ போடுவது நம் ‘ங்க’ மாதிரி. சரிங்க, வாங்க என்று சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். யூடியூப் தானாகத் தமிழில் மொழிபெயர்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். தாய் மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல் வருவதால் அது கதாநாயகியை மீசை வைத்தவர் ஆக்கிவிடும்.

மொழி பழக நினைப்பவர்கள் முதலில் தாய் பிபிஎஸ் செய்தி, அப்புறம் நாடகம், கடைசியில்தான் பேச்சு நிகழ்ச்சிகள் என்று போங்கள். சேனல் 3-ல் மதியம் வரும் ‘ஹோன் க்ரஸே’யில் சண்டைக்காரர்கள் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச விடுவார்கள். ஊரே பார்க்கும். எனக்கு இன்னும் மூன்றில் ஒரு பங்குதான் புரிகிறது, ஆனால் யார் பொய் சொல்கிறார் என்று மனைவிக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிடுகிறேன்.

திடீரென்று நாடகம் வராத நாட்கள்

எல்லாச் சேனலிலும் ஒரே படம் வந்தால் உங்கள் இணைப்பில் கோளாறு இல்லை. அரச விழா, அரசு அறிவிப்பு போன்றவற்றுக்கு ‘டிவி பூல்’ என்று ஒரே ஒளிபரப்பை எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். 2016 அக்டோபர் 13 அன்று மன்னர் பூமிபோன் இறந்தபோது கேளிக்கை நிகழ்ச்சிகள் எல்லாம் நின்றன, திரையே நிறம் குறைந்துபோனது. சாதாரண நாளிலும் ராத்திரி 8 மணி வாக்கில் அரண்மனைச் செய்தி உண்டு. அது நீண்டால் நாடகம் தள்ளிப்போகும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், நம் சித்திரைப் பிறப்போடு சேர்ந்து வரும். அப்போதும் புத்தாண்டிலும் அட்டவணையை நம்பாதீர்கள்.

லாட்டரிக் குலுக்கல் 1, 16 தேதிகளில் பிற்பகலில் என்பிடி (அரசுச் சேனல்) போன்ற சேனல்களில் நேரலையாக வரும். ஜனவரி 16 ஆசிரியர் தினம் என்பதால் அன்றைக்குப் பதில் 17, மே 1-க்குப் பதில் 2. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லிருந்தே தடை, மேலும் வெளிநாட்டிலிருந்து சீட்டு வாங்கித் தருகிறோம் என்று வரும் ஆட்களில் பலர் மோசடிக்காரர்கள். என் மாமியார் கனவில் வந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, சீட்டே இல்லாமல் குலுக்கலைப் பார்ப்பார். ஒரு தடவை கடைசி இரண்டு எண் பொருந்திவிட்டது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

கிளம்புவதற்கு முன்

இன்னும் தாய்லாந்திலேயே இருந்து, ஊர் திரும்பப் போகிறவராக இருந்தால் இதை இப்போதே செய்யுங்கள். அங்குள்ள பல ஆப்கள் +66 எண்ணுக்கு ஓடிபி அனுப்பித்தான் கணக்குத் திறக்கும். ஆகவே கிளம்பும் முன்பே கணக்குகளைத் திறந்து, முடிந்தால் மின்னஞ்சலையும் இணைத்துவிடுங்கள். சிம்மைத் தூக்கிப் போடாதீர்கள். ப்ரீபெய்டு எண் உயிரோடு இருக்க அவ்வப்போது சின்னத் தொகை போட வேண்டும். அங்கே இருக்கும் உறவினர் செவன் இலெவன் கடையில் கட்டிவிடுவார். ஆப்களையும் அங்கிருக்கும்போதே இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு ப்ளே ஸ்டோரில் நாட்டை மாற்றலாம் என்றால் வருடத்துக்கு ஒரு தடவைதான் அனுமதி, அந்த நாட்டுப் பணம் கட்டும் வழியும் கேட்கும்.

இவ்வளவும் செய்து, ஒன்றும் திறக்காத ராத்திரி ஒன்று வரும். எங்களுக்கு வந்தது. பெட்டி உறைந்த அதே கடைசிப் பகுதி, மறு ஒளிபரப்பிலும் இந்தியாவுக்குப் பூட்டியிருந்தது. மனைவி கோராட்டில் இருக்கும் தன் தங்கையை லைன் ஆப்பில் வீடியோ காலில் கூப்பிட்டாள். அவள் போனைத் தலையணையில் சாய்த்து டிவியைப் பார்க்கும்படி வைத்தாள். படம் கோணல், சத்தம் பாதி, பின்னால் ஒரு மின்விசிறி. வில்லி ஒப்புக்கொண்டாள். விளம்பரம் வந்தபோதெல்லாம் அக்காவும் தங்கையும் அம்மாவும் மூன்று பேராக அவளைத் திட்டினார்கள்.